தம்பிக்கும் எனக்கும் நான்கு மாதம்

1

இன்று காலை ஆறரை மணிக்குள் ஒன்பது பேர் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். பேர் என்று சொல்வதே தப்பு. வங்கி, பல் ஆஸ்பத்திரி, பஸ் அட்டை, காய்கறிக் கடை, செருப்புக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, கரண்ட் கம்பெனி, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் செயலி, கையில் கட்டியிருக்கிற கடிகாரம். ஒன்றுகூட மனுஷப் பிறவி இல்லை. காய்கறிக் கடை மட்டும் ஒரு படி மேலே போய், என் வயதுப் பெண்களுக்கு எலும்பு தேயும் என்று நினைவூட்டி, பாலுக்குத் தள்ளுபடி தந்திருந்தது. நாளும் கிழமையுமாக எலும்பைப் பற்றிப் பேசுகிற சொந்தக்காரர் நம் ஊரிலும் உண்டு. ஆனால் அவரைத் திருப்பித் திட்டலாம்.

நான் இன்றைக்குப் பிறந்தவள் இல்லை. பிப்ரவரி பத்து என்பது எனக்கு ஒரு ஹெட்மாஸ்டர் கொடுத்த தேதி. அந்தத் தேதிதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எந்த நாட்டில் இருக்கிறேன் என்று சொல்லப் போவதில்லை. ஒரு விண்ணப்பம் போடவேண்டியிருக்கிறது, எழுதுவதை எது எங்கே இருந்து படிக்கும் என்று தெரியவில்லை. குளிர் நாடு, வந்து பத்தொன்பது வருஷமாகிறது, ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்குத் தட்டு அடுக்குகிற வேலை. ஊரில் இருப்பவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

2

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கும் தம்பி முருகேசனுக்கும் ஒன்றரை வயது வித்தியாசம் இருக்கும் என்று அம்மா சொல்லுவாள். இருக்கும் என்றுதான் சொல்லுவாள். அவள் காட்டு வேலைக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னை ஒரு வருஷம் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் நடந்து வருகிற அளவுக்கு ஆனதும், இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே வகுப்பில் சேர்க்க அப்பா கூட்டிப் போனார். அக்கா பக்கத்தில் இருந்தால் அழமாட்டான் என்பது அப்பாவின் கணக்கு.

வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். எனக்கு எட்டியது. தம்பிக்கு அரை விரல் குறைந்தது. ஹெட்மாஸ்டர் அவன் காதைப் பிடித்து விரல் வரைக்கும் இழுத்துக் கொடுத்து, "தொட்டுட்டான், எழுதிக்க" என்றார். பிறந்த தேதி கேட்டதற்கு அப்பா, பெரியவள் விராலிமலைத் தேருக்கு மறுநாள், சின்னவன் கடலை பிடுங்குகிற சமயம் என்று சொன்னார். ரிஜிஸ்தரில் தேருக்கும் கடலைக்கும் கட்டம் கிடையாது. இரண்டு பேருக்கும் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். அந்த ஹெட்மாஸ்டருக்குப் பத்தாம் தேதி பிடிக்கும், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மாதத்துப் பத்தாம் தேதியில்தான் பிறந்திருக்கிறோம். எனக்குப் பிப்ரவரி பத்து, அவனுக்கு அதே வருஷம் ஜூன் பத்து என்று போட்டுக்கொண்டார்.

யாரும் கழித்துப் பார்க்கவில்லை. யாருக்கும் பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினார்கள். அந்தத் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏறி, அங்கிருந்து ரேஷன் கார்டுக்கு, ஆதாருக்கு, பாஸ்போர்ட்டுக்கு ஏறி, கடல் தாண்டி இங்கே வந்து எனக்குப் பால் தள்ளுபடியாக நிற்கிறது. நாங்கள் இருவரும் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

3

என் கணவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. மகள் கயல்விழிக்கு வருகிற வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் உத்தரவு, அதனால் கல்யாணம் இங்கேதான். தகப்பன் இல்லாத பெண்ணைத் தாய்மாமனும் அவன் சம்சாரமும் ஜோடியாக நின்று தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் இதற்கு மாற்று ஏற்பாடு கிடையாது.

கயல் இங்கேயே வளர்ந்தவள். நம் சடங்குகளில் முக்கால்வாசியைப் பார்த்துக் கொட்டாவி விடுவாள். இந்த ஒன்றில் மட்டும் என்னைவிடப் பிடிவாதம். மாமா வரவில்லை என்றால் மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம், பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே வேலைக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். அவள் அப்பா இறந்த அன்று முருகேசன் அங்கே போனைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய எங்களோடு உட்கார்ந்திருந்தான். அப்போது அவனிடம் பாஸ்போர்ட் இல்லை. அவள் அதை மறக்கவில்லை.

முருகேசன் புதுக்கோட்டை ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். எரிந்துபோன போர்வெல் மோட்டாரைப் பிரித்து, கம்பி சுற்றி, மறுபடி ஓட வைக்கிறவன். கயல் கல்யாணத்துக்காகவே போன வருஷம் புருஷனும் பெண்டாட்டியுமாக பாஸ்போர்ட் எடுத்தார்கள். புதுச் சட்டையில், சவரம் செய்த முகத்தோடு, திருடனைப் போல முழித்துக்கொண்டு எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பினான். நான் சிரித்தேன். அந்த முழியும் சேர்த்துத்தான் விசா விண்ணப்பம் போனது.

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. மூன்று நாளில் மனிதர் யாரும் எதையும் படிப்பதில்லை, அது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அழைத்தவருக்கும் விண்ணப்பித்தவருக்கும் உள்ள உறவு ஐயத்துக்குரியது, உடன்பிறந்தவர்கள் என்று சொல்லப்படுபவர்களின் பிறந்த தேதிகளுக்கு இடையே நான்கு மாதமே உள்ளது, ஆகவே மறுக்கப்படுகிறது. இவ்வளவுதான் கடிதம். கீழே ஒரு கையெழுத்துக்கூட இல்லை.

நான்கு மாதத்தில் ஒரு தாய் இரண்டு பிள்ளை பெறமுடியாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். எங்கள் அம்மா உயிரோடு இருந்து, இதை அவளிடம் சொல்லியிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பெத்தவ நானா, அதுவா?" என்று கேட்டிருப்பாள்.

4

விசா கொடுக்கிற இலாகாவுக்குப் போன் செய்தால் ஒரு உதவியாளர் பேசும். பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள், குரல் தேனாக ஒழுகும். உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்று நான்கு தடவை சொன்னது. எனக்கே முழுதாகப் புரியாத நிலைமை அதற்குப் புரிந்துவிட்டது. நேரில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், என் மகள் வயதுதான், நல்லவளாகத்தான் தெரிந்தாள். ஹெட்மாஸ்டர் கதையைச் சொன்னேன், காதைத் தொட்டும் காட்டினேன். சிரித்தாள், வருத்தப்பட்டாள், பிறகு திரையைப் பார்த்து, இதை மாற்ற எனக்கு இடம் கொடுக்கவில்லை என்றாள். கொடுக்கவில்லை என்றால் யார் என்று கேட்டேன். திரையைக் காட்டினாள்.

எங்கள் தாலுகா ஆபீசை நான் திட்டாத திட்டு கிடையாது. பத்து தடவை நடக்க விடுவார்கள், சாப்பாட்டு வேளை என்பார்கள், சார் லீவு என்பார்கள். ஆனால் பதினோராவது தடவை ஒரு மனிதர் நிமிர்ந்து பார்ப்பார். நீங்க மோட்டார்க்கட முருகேசன் அக்காதானே என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு இங்கே எந்த ஜன்னலும் கிடையாது.

முருகேசன் சும்மா இருக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கினான். அப்பா இறந்தபோது எடுத்த வாரிசுச் சான்றைத் தேடி எடுத்தான். அதில் நாங்கள் இருவரும் அப்பாவின் பிள்ளைகள் என்று அரசாங்க முத்திரையோடு இருக்கிறது, வயது மட்டும் இருவருக்கும் ஒன்று. பேசாமல் ஒரு தேதியைக் கோர்ட் மூலமாக மாற்றிவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு எந்தத் தேதிக்கா வேணும், சொல்லு. ஒரு வருசம் தள்ளிப் போட்டுக்குவோமா?" என்று கேட்டான். ஏதோ கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதுபோல.

நான் இங்கே ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்தேன். அவர் அலறிவிட்டார். மறுத்த பிறகு தேதியை மாற்றினால் அது இன்னும் பெரிய ஐயமாக ஏறும், இந்த ஜென்மத்தில் அவனுக்கு விசா கிடைக்காது என்றார். ஆக, தேதியை விட்டுவைத்தாலும் பொய்யர்கள், திருத்தினாலும் பொய்யர்கள்.

5

என் மகன் நவீன் இந்தத் துறையில்தான் இருக்கிறான். தரவு அறிவியல். ஊரில் யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். நல்ல பிள்ளை, ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டுப் போவான். பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதிப் பாதியும் வருஷா வருஷம் குறைகிறது. எதைக் குறை சொன்னாலும் அந்த இயந்திரத்துக்கு வக்காலத்து வாங்குவான்.

முன்பு எங்கள் சமையலறையில் யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை ஒரு மேற்பார்வையாளர் அம்மா பென்சிலால் எழுதுவார். கடுகடுப்பான மனுஷி, ஆனால் ரப்பரும் வைத்திருந்தார். அவரை அனுப்பிவிட்டுச் செயலியை வைத்தார்கள். கணவர் இறந்த முதல் வருஷம், அமாவாசைதோறும் படையல் போடுவதற்காகக் காலை ஷிப்ட் வேண்டாம் என்று அதில் கேட்டேன். ஆறாவது மாதம், நான் முப்பது நாளைக்கு ஒருமுறை காரணமில்லாமல் வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று குறித்து, அமாவாசை பார்த்துப் பார்த்துக் காலை ஷிப்ட் போட ஆரம்பித்தது. வானத்தில் நிலா இல்லாத நாளைக் கண்டுபிடித்துவிட்டது. வீட்டில் புருஷன் இல்லாததைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இதைச் சொன்னபோதும் நவீன், அதுக்கு அந்தத் தகவலைக் கொடுத்திருக்கணும்மா என்றான். படையல் போடுவதை நான் ஏன் அதற்குச் சொல்லவேண்டும் என்று கேட்டேன். அதற்கு மேல் சண்டை போட அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

விசாக் கடிதத்தைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்துவிட்டு, "அம்மா, நீங்க பொய் சொல்றீங்கன்னு இது சொல்லல. இது ஒரு ப்ராபபிலிட்டி, அவ்வளவுதான்" என்றான்.

"சரிப்பா. ஒங்க ஆபீசுல இப்படி நாலு மாச வித்தியாசத்துல அக்கா தம்பின்னு ரெண்டு பேரு வந்தா என்ன பண்ணுவீங்க?"

யோசித்துத்தான் சொன்னான். அவனுக்குப் பொய் வராது. "அந்த வரியைத் தூக்கிருவோம்மா."

"தூக்கின்னா?"

"டெலீட் பண்ணிருவோம். அது தப்பான டேட்டா. உள்ள இருந்தா மாடல் கெட்டுப் போயிரும்."

"நானும் ஒம் மாமாவுந்தாண்டா அந்த வரி" என்றேன்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. எனக்கு இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவனைப் படிக்க வைக்க நானும் இவன் அப்பாவும் இரட்டை ஷிப்ட் பார்த்தோம். இவன் அப்பா போன பிறகு, கல்லூரி முடியும்வரை பரீட்சைக்குப் பரீட்சை போன் செய்து, மாப்ளக்கு எப்படி என்று கேட்டவன் முருகேசன். இவன் படித்த படிப்பு, எங்களை அழித்துவிட்டுச் சுத்தம் என்று பெயர் வைக்கிறது. ஆத்திரமாக வந்தது. இப்போதும் வருகிறது.

6

டி.என்.ஏ. சோதனையை இந்த விசாவுக்கு ஏற்பதில்லை, ஆனால் உறவை நிரூபிக்க வேறு வழி உண்டு என்றார் வக்கீல் அம்மா. பத்து வருஷமாக நானும் தம்பியும் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகளை மொத்தமாகக் கொடுத்தால், அவர் ஆபீசில் உள்ள ஒரு மென்பொருள் படித்து மதிப்பெண் போடும். அந்த இலாகாவின் இயந்திரமும் ஏறத்தாழ அதே மாதிரிதான் பார்க்கும், ஆகவே முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்றார். பேயை ஓட்டப் பேயையே கூப்பிடுவது. வேறு வழியில்லாமல் கொடுத்தேன்.

நூற்றுக்கு முப்பத்தொன்று வந்தது.

காகிதத்தில் காரணமும் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதிகம் பேசப்பட்டவை: வானிலை, உணவு, இயந்திர உதிரிபாகங்கள். அன்பைக் குறிக்கும் சொற்கள்: மிகக் குறைவு. குரல் பதிவுகள்: மொழிநடை அறியப்படாததால் கணக்கில் சேர்க்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்துகள்: இல்லை. இரு தரப்பிலும் நன்றி தெரிவித்தல்: இல்லை. உறவு வகை: தொழில்முறைத் தொடர்பாக இருக்கலாம்.

அதை நான் பஸ்ஸில் படித்தேன். வானிலை என்றால் என்ன தெரியுமா? "நேத்து மழ பேஞ்சுச்சுக்கா, கம்மா பாதி" என்று அவன் அனுப்பியது. எங்கள் கண்மாயில் தண்ணீர் ஏறினால் எனக்கு இங்கே சோறு இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். உணவு என்றால், கணவர் இறந்த பிறகு ஒரு வருஷம் தினமும் அவன் கேட்ட "சாப்டியா". நான் சாப்பிட்டேன் என்று பொய் எழுதினால் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்பான். உதிரிபாகம் என்றால், மனசு சரியில்லாத நாட்களில் அவன் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிய எரிந்த மோட்டாரின் படமும், அடுத்து அதே மோட்டார் ஓடுகிற படமும். இவற்றுக்கு முப்பத்தொன்று. நாங்கள் ஒருவருக்கொருவர் அன்புச் சொல் சொல்லிக்கொண்டதே இல்லை, அது நிஜம். கூடப் பிறந்தவனிடம் யார் சொல்லுவார்கள்?

வக்கீல் அம்மா தயங்கித் தயங்கி, மறுபடி விண்ணப்பிக்க இன்னும் சில வாரம் இருக்கிறது, அதற்குள் செய்திகளைக் கொஞ்சம் வழக்கமான முறையில் அனுப்பிக்கொள்ளுங்கள் என்றார். எது வழக்கம் என்று கேட்டேன். பிறந்தநாள் வருகிறதே என்றார். வக்கீல் அம்மா சொன்னதை முருகேசனிடம் நான் சொல்லவில்லை. கேவலமாக இருந்தது. எப்படியோ நவீன் காதுக்குப் போயிருக்கிறது.

7

ஒன்பது வாழ்த்து வந்தது என்று தொடங்கினேன். ஏழு மணிக்குப் பத்தாவது வந்தது.

ஒரு கேக் படம், மேலே மெழுகுவர்த்தி. கீழே: "என் வாழ்வின் ஒளிவிளக்காகத் திகழும் அன்புச் சகோதரி செல்வராணி அவர்களுக்கு இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள். தங்கள் பாசத்திற்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ள உடன்பிறந்த தம்பி, முருகேசன்."

முருகேசன் என்னை அவர்கள் என்று அழைத்திருக்கிறான். ஒன்றாம் வகுப்பில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, அவன்தான்.

"பாத்தியாக்கா? வந்துச்சா?"

வந்தது என்றேன்.

"நவீன் மாப்ளதான் எழுதிக் குடுத்தாப்ல. தமிழ் சரியா வராதுல்ல, அந்த மிஷின்ட்டச் சொல்லி எழுதி வாங்குனாராம். ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போட்டுருக்கேன்." பரீட்சையில் விடை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தது குரல். பிறகு கொஞ்சம் தாழ்த்தி, "போன வருசங்களுக்கும் சேத்து அனுப்பலாமாக்கா? அது ஒத்துக்குமா?" என்றான்.

ஒத்துக்கொள்ளாது என்றேன். நான் அழுவதை அவன் தெரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். அங்கே கடையில் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அழாதக்கா. கயலுக்காகத்தானே. நானும் வீட்டுக்காரியும் வந்து நிப்போம், பாரு" என்றான். பிறகு, "பதிலு எழுத்துல போட்டு விட்ரு. போன்ல பேசுனா அதுக்குக் கணக்குல வராதாம். ஒரு நன்றி போட்டுரு, அது முக்கியமாம்" என்றான்.

வைத்துவிட்டேன். நவீன் மேல் கோபப்பட முயன்றேன், முழுதாக முடியவில்லை. அவனுக்குத் தெரிந்த வழியில் மாமனைக் கூட்டிவரப் பார்க்கிறான். கோபம் வேறு இடத்தில் அப்படியே இருக்கிறது, ஆற விடுவதாக இல்லை.

அவன் என் தம்பிதான் என்று காட்டுவதற்காக, அந்நியர்கள் எழுதுவது மாதிரி எழுதினேன். "நன்றி முருகேசன்" என்று. எங்கள் ஆயுசில் அவனுக்கு நான் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.